தயாணி என்ற பெயருக்குப் பொருள்

கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது ஒரே ஓர் அறைதான். ஒரு கட்டில், அடுப்பு மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். அம்மாவும் மகளும் அங்கே குடிவந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கீழே கடையில் வேலை. லென்ஸை இயந்திரத்தில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பாள். காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வருபவர்களுக்குக் கண்ணாடியின் காலைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பாள். தெருவில் அவள் பெயர் கண்ணாடியக்கா. மகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தாலும் எல்லாருக்கும் அவள் அரட்டைதான். கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்வரை வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதும் நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அரட்டை கட்டிலில் குப்புறப் படுத்து, பள்ளி நூலகத்திலிருந்து கொண்டு வந்த தடிப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் கதையில நம்ம தயாணி வருதும்மா."

"எந்தத் தயாணி?"

"நம்ம தயாணிதான்!" அரட்டை மார்புக்கு அடியில் இருந்த தலையணையை இழுத்து ஆட்டிக் காட்டினாள்.

தலையணை என்று சொல்ல நாக்கு வராத வயதில் அவள் அதற்கு வைத்த பெயர் தயாணி. வளர்ந்த பிறகும் அந்தச் சொல் வீட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தயாணியை வெயில்ல போடு, தயாணி உறையை மாத்து என்றுதான் இருவரும் பேசுவார்கள். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"கதையில தயாணி யாரு?"

"ஒரு பெரிய வெள்ளைப் பூதம். கையும் கெடையாது, காலும் கெடையாது. மெத்து மெத்துன்னு இருக்கும். ரொம்பப் பேசறவங்க மூஞ்சி மேல போய்ப் படுத்துக்கும், அவங்க பேச்சு நின்னுடும். செம காமெடிம்மா."

அம்மாவின் கை, பாதி மடித்த பாவாடையின் மேல் அப்படியே நின்றது.

"யாருக்கோ தோணின பேரா இருக்கும்," என்றாள். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"உஸ்கும் வருதே! வயித்துல ஆவி வெச்சிக்கிட்டுச் சீறுற டிராகன். நான் குக்கரைத்தானே உஸ்குன்னு சொல்லுவேன், நீ சொல்லியிருக்கியே. விசில் வந்தா மேஜைக்கடியில போய் ஒளிஞ்சிப்பேன்னு."

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். நல்ல வெளிச்சமாக இருந்த அறை சட்டென்று மங்கியது. ஏன் சாத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பின்கட்டில் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தாள். எழுதியவர் பெயர் கதைமாமா என்று போட்டிருந்தது. புகைப்படம் கிடையாது. தொப்பி போட்ட ஒருவர் திறந்த புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு சித்திரம் மட்டும்.

கதை சுலபமான கதைதான். ஒரு நல்ல ராஜா. அவருக்கு ஒளியரசி என்று ஒரு மனைவி. அவள் ஒருநாள் குட்டி இளவரசியைத் திருடிக்கொண்டு அரண்மனையை விட்டுப் போய்விடுகிறாள். அழுது அழுது இளைத்துப்போன ராஜா, தன்னிடம் இருக்கும் பூதங்களை ஒவ்வொன்றாக அனுப்பி அவர்களைத் தேடுகிறார். குழந்தைகள் விரும்பும்படி நிறையச் சிரிப்பு, நிறையப் பாட்டு.

அரண்மனையின் பின்வாசலைக் காக்கும் குள்ளன் பெயர் கிரீச்சன். யார் வாசலைத் தாண்டினாலும் கத்தாமல் இருக்க அவனால் முடியாது. ஒளியரசி கிளம்பிய காலையில் மட்டும் அவன் கத்தவில்லை. முந்தின நாளே அவள் அவன் தொண்டையில் எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

அந்த வரியை அவள் இரண்டாம் முறை படித்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால், மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முதல் நாள், பின்கதவின் கீலுக்கு அவள் எண்ணெய் விட்டாள். பஞ்சில் நனைத்து, சொட்டாமல் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. கதவைத் திறந்து பார்த்து, கீலைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்த ஒருவனுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

பெயர் வைப்பதுதான் அவள் கணவனின் தொழில். ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கொசுவத்திக்கும் புதுப் பெயர் கண்டுபிடிப்பான். நல்ல பெயர் சிக்கிவிட்டால் நாள் முழுக்கக் குஷியாக இருப்பான். கல்யாணமான வாரமே அவளுக்கும் புதுப் பெயர் ஒன்று வைத்தான். பழைய பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவள் திரும்பக் கூடாது என்றான். "பேரு வைக்கறவன்தான் சொந்தக்காரன்" என்பான், சிரித்துக்கொண்டே. அவள் அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்து, எவ்வளவு நல்ல மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஒளியரசி என்ற பெயரை அவள் மறுபடி பார்த்தாள். படிக்கிற குழந்தைகள் எல்லாரும் வெளிச்சத்தின் அரசி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒளி என்றால் ஒளிந்துகொள் என்றும் பொருள் உண்டு. அது அவளுக்காக வைத்த பெயர்.

தயாணி வரும் பக்கத்தைக் கடைசியாகத்தான் எடுத்தாள். எடுக்காமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். ஒளியரசி தன் அக்காவோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வேலையாக இருந்த ராஜா தயாணியை ஏவுகிறார். வெள்ளைப் பூதம் ராணியின் முகத்தின் மேல் சுகமாகப் படுத்துக்கொள்கிறது. "ராணியின் குதிகால் கட்டிலைத் தட்டியது, டக், டக், டக். அப்புறம் தட்டவில்லை. 'இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு பாரு' என்றார் ராஜா." பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. கொழுகொழுவென்று ஒரு பூதம், அதற்கடியில் இரண்டு குட்டிப் பாதங்கள்.

அது நிஜமாகவே, அந்த வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து, போனை வாங்கி வைத்துவிட்டு, தலையணையை எடுத்தான். பிறகு அதைத் தட்டிச் சரிசெய்து கட்டிலில் வைத்துவிட்டு, அந்த வாக்கியத்தை அதே சொற்களில் சொல்லிவிட்டு, வேலைக்குத் திரும்பினான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது கதவோரம் குழந்தை நின்றிருந்தது. வாயிலிருந்த விரலை எடுத்து, "தயாணி" என்றது.

கடையில் யாரோ மணியை அடித்தார்கள். அவள் எழுந்து போகவில்லை. புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு போட்டி அச்சாகியிருந்தது. "தயாணி என்ற பெயருக்கு என்ன பொருள்? உங்கள் பதிலை உங்கள் குரலிலேயே பதிவு செய்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். சரியாகச் சொல்லும் குழந்தையைக் கதைமாமா நேரில் வந்து பார்ப்பார்!"

உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த குழந்தை ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த அரட்டையைக் கட்டிலில் உட்கார வைத்துக் கேட்டாள். "இந்தப் போட்டிக்கு நீ ஏதாச்சும் அனுப்பினியா?"

அரட்டை சட்டைப் பொத்தானைத் திருகினாள். அவள் பேசாமல் இருந்த நேரத்தை அம்மா அதுவரை பார்த்ததில்லை.

"சொல்லுடி."

"இன்னிக்கு லைப்ரரி டீச்சர் போன்லேர்ந்து எல்லாருமே அனுப்பினோம்மா. மத்தவங்க எல்லாம் தயை உள்ள ராணின்னு சொன்னாங்க. நான் மட்டும்தான் தலையணைன்னு சொன்னேன். நான் பாப்பாவா இருந்தப்ப வெச்ச பேருன்னு சொன்னேன்." பிறகு மெதுவாக, "தப்பாம்மா?" என்றாள்.

"இல்ல கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த பையை வெளியே இழுத்தாள். இழுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். முதலாளியம்மா தடிக் கண்ணாடியும் வெடுக்கென்ற பேச்சும் உள்ளவள். ஏழு வருடத்துக்கு முன்னால் மூன்று வயதுக் குழந்தையோடு வந்து நின்றவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை கொடுத்தவள். முழுக்கக் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப மூட்டை கட்டிக்கிட்டு எங்க போகப்போற?"

"வேற ஊருக்குத்தான்."

"அங்கயும் ஸ்கூலு இருக்கும். ஸ்கூல்ல லைப்ரரி இருக்கும். அவன் அடுத்த புக்கு எழுதுவான். எத்தன ஊருக்கு ஓடுவ? மொதல்ல போலீஸ்ல சொல்லிவை. நானும் கூட வர்றேன்."

காவல் நிலையத்தில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "என் பையன்கிட்டயும் இந்தப் புக்கு இருக்கு. நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா பூதத்தோட பேரெல்லாம் ஆதாரமாகாதும்மா. புகாரை எழுதிக் குடுங்க. அவரு வந்தா உடனே எனக்குக் கூப்பிடுங்க." தன் எண்ணைக் கொடுத்தாள்.

புதன்கிழமை நூலக டீச்சர் கடைக்குள் ஓட்டமும் நடையுமாக நுழைந்தாள். இளம் வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முகம் பூரித்துப் போயிருந்தது.

"அக்கா, நம்ம அரட்டை ஜெயிச்சுட்டா! ஆயிரக்கணக்குல பதில் வந்துச்சாம், சரியான பதில் இவளோடது ஒண்ணுதானாம். வெள்ளிக்கிழம கதைமாமாவே ஸ்கூலுக்கு வர்றாரு. அவ குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம், பதிப்பகத்துலேர்ந்து சொன்னாங்க. கேட்டுட்டு அழுதுட்டாராம்!"

கண்ணாடியக்கா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அரட்டைக்கு உடம்பு சரியில்ல டீச்சர். அவ வெள்ளிக்கிழம வரமாட்டா."

"அய்யோ, அதுக்குள்ள சரியாயிடுமே?"

"சரியாகாது. டீச்சர், எங்க வீடு எங்கன்னு அவருகிட்டச் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

டீச்சர் குழம்பிப்போய்ப் பார்த்தாள். சுற்றிலும் வாடிக்கையாளர்கள். எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று கண்ணாடியக்காவுக்கு வாய் வரவில்லை. டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தூரத்தில் வேலை பார்க்கிறார் என்று இத்தனை வருடமும் சொல்லி வந்தது பொய் என்று சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் விளக்கினாள். கடைசியில் அரட்டை கட்டிலில் கிடந்த தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரிச்சேம்மா," என்றாள்.

"எல்லாரும் சிரிக்கணும்னுதான் அப்படி எழுதியிருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. அரட்டையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பின்கட்டில், இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பழைய ஃபிரேம்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலை எந்த வம்பும் இல்லாமல் போனது. மதியமும் போனது. பெஞ்சில் கண் பரிசோதனைக்காக நாலைந்து பேர் காத்திருந்தார்கள். முதலாளியம்மா உள்ளே ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "அடுத்த வரியப் படிங்க. ஊகிக்காம படிங்க."

கடைக்கதவு திறந்தது. முதலில் நூலக டீச்சர் வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, சிரித்தபடி. அவளுக்குப் பின்னால் அவன்.

கொஞ்சம் நரைத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு பரிசைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்தான். பிறகு, தான் வைத்த பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டான்.

ஏழு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். அவள் தலை தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா," டீச்சர் படபடவென்று பேசினாள். "நான் சொல்லல. பசங்கதான் சொல்லிட்டாங்க. 'என் குட்டி ஜெயிச்சவ வீடு எங்க'ன்னு மேடையில கேட்டாரு, ஹாலே சேர்ந்து கத்திடுச்சு. அப்புறம் தனியா எங்கிட்ட எல்லாத்தயும் சொன்னாரு. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனது, இவரு ஏழு வருஷமா தேடினது... அக்கா, இது கதையவிடப் பெரிய கதையா இருக்கு!"

பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர், "நல்லபடியா சேர்ந்தீங்களே, அது போதும்" என்றார்.

"ஒரு கோபமும் இல்ல," அவன் மென்மையாகச் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும் அளவுக்கு. "வீட்டுக்குப் போகலாம். பாப்பா எங்க? அவ குரல் அப்படியே இருக்கு. அரட்டைன்னு பேர் வெச்சிருக்கியாமே. அது வேண்டாம். வேற நல்ல பேரா யோசிச்சு வெச்சிருக்கேன்."

அவளுக்கு மூச்சை இழுத்தால் உள்ளே போகவில்லை. அந்தப் பழைய தலையணைப் பஞ்சின் வாடைகூட மூக்கில் ஏறியது. கடை முழுக்க நல்ல மனிதர்கள், எல்லாரும் அவன் பக்கம். அவள் அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். கத்தினால் பாவம், மனசு சரியில்லை என்பார்கள்.

பின்கட்டில் ஒரு ஃபிரேம் கீழே விழும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பினான், ஓர் அடி எடுத்து வைத்தான்.

"டீச்சர்," என்றாள். குரல் கரகரவென்று வந்தது. வந்துவிட்டது. "இந்தப் புத்தகத்தைப் பசங்களுக்கு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

"ஆமாக்கா. இந்த வாரம் பூரா, எத்தனையோ தடவ."

"கிரீச்சன் யாருன்னு சொல்லட்டுமா? அது எங்க வீட்டுப் பின்கதவு. நான் தப்பிச்சுப் போறதுக்கு மொத நாளு அதோட கீலுக்கு எண்ணெய் விட்டேன். உஸ்கு எங்க குக்கர். ஒளியரசி நான்தான். வெளிச்சம் இல்ல டீச்சர், ஒளிஞ்சிக்கிட்டவ. தயாணின்னா என்னன்னு எம்பொண்ணு சொன்னா. தலையணைன்னு. அவளுக்கு அது வெறும் தலையணைதான். தயாணி ராணி மேல படுக்குற பக்கம் உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே. சொல்லுங்க."

டீச்சர் சிரித்தபடியே ஆரம்பித்தாள். "ராணியின் குதிகால் கட்டிலைத் தட்டியது, டக், டக்..." மூன்றாவது டக் அவள் வாயிலிருந்து வரவில்லை. கண்ணாடியக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில்தான் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் வகுப்புப் பெஞ்சில் குதிகாலால் தட்டிக் காட்டியிருக்கிறாள்.

"அவளுக்கு அப்பவே மனசு சரியில்ல டீச்சர்," அவன் வருத்தமாகத் தலையசைத்தான். "எல்லாத்துலயும் ஏதாச்சும் அர்த்தம் பார்ப்பா. அதுவும் ஒரு வியாதி. நாம பொறுமையா இருக்கணும்."

"பாப்பா கதவோரம் நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு," என்றாள் அவள்.

"பொய். அவ அப்போ தூங்கிட்டு இருந்தா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். வாய் பாதி திறந்தபடி நின்றது. கண்ணைத் துடைத்த அம்மாள் கைக்குட்டையை மடியில் இறக்கினாள்.

"எப்போ தூங்கிட்டு இருந்தா?" டீச்சர் கேட்டாள். குரல் சன்னமாக இருந்தது. கேட்டுக்கொண்டே நகர்ந்து, பின்கட்டுக்குப் போகும் வழியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

உள்ளறைக் கதவில் முதலாளியம்மா நின்றாள், காதில் போனோடு. "இன்ஸ்பெக்டர் கெளம்பிட்டாங்களாம். நீங்க உக்காருங்க சார், கண்ணுக்குக் காசு வாங்காம டெஸ்ட் பண்ணி அனுப்பறேன்."

அவன் உட்காரவில்லை. அவசரமும் படவில்லை. தொப்பியைப் போட்டு, ஃபிரேம்கள் அடுக்கியிருந்த அலமாரியின் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டான். சுற்றிலும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"ரெண்டாம் பாகத்துக்கு ஆள் பத்தாம இருந்துச்சு," என்றான். "உங்க பேரு என்ன டீச்சர்?"

டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பரவாயில்ல. நானே வெச்சுக்கறேன்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். இன்ஸ்பெக்டரின் வண்டி வந்தபோது தெருவில் அவன் இல்லை.

அதன் பிறகு நடந்தது சட்டப்படி நடந்தது. டீச்சர் சாட்சி சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேரும் சொன்னார்கள். அவளையும் குழந்தையையும் நெருங்கக் கூடாது, கடைக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவனுடைய வக்கீல், குழந்தைகளுக்குக் கதை எழுதும் மனிதர் மேல் இப்படி அபாண்டமா என்று கேட்டார். பதிப்பகம் வருத்தம் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. டீச்சர் நூலகத்தில் இருந்த பிரதிகளை எல்லாம் எடுத்துப் பூட்டி வைத்தாள். முதலாளியம்மா கடைக்கு இரும்பு கிரில் போட்டாள். யார் கேட்டாலும், "திருட்டு பயம்" என்றாள். அரட்டை பழையபடி பேச ஆரம்பித்தாள், வீட்டுக்குள் மட்டும்.

ஆறேழு மாதம் கழித்து இரண்டாம் பாகம் வேறொரு பதிப்பகத்திலிருந்து வெளியானது. கடைகளில் நன்றாக விற்றது. டீச்சர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்கு வந்தாள்.

"நான் இருக்கேன் இதுல," என்றாள். "வாய்ப்பூட்டி. பேசாத சூனியக்காரி. கடைசியில கிணத்துல விழறா."

"நாங்க?"

"கண்ணாடிக் கோட்டையில இருக்கீங்க. கோட்ட இன்னும் உடையல."

இன்ஸ்பெக்டரும் வந்தாள். கடையை மூடிவிட்டு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முதலாளியம்மாவையும் சேர்த்து நால்வரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். எது மிரட்டல், எது கதை என்று இன்ஸ்பெக்டரால் பிரிக்க முடியவில்லை. அடிக்கோடு போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பேனாவைக் கீழே வைத்தாள். "இத வெச்சு நான் என்ன பண்ண முடியும்? நீதிபதிகிட்டப் போனா சிரிப்பாங்க."

அப்போது அரட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நான் பார்க்கணும்," என்றாள். அம்மா வேண்டாம் என்று வாயெடுத்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

அரட்டை வரிசையாகப் படித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். இளவரசி தினமும் போகும் தோட்டத்தின் வாசலில் ஒரு காவல்காரன். விசில் ஊதினால் பல்செட் தெறித்து விழும். அவன் பெயர் பீப்பியன்.

"இது பீப்பீ அங்கிள்மா."

"யாரது?"

"எங்க ஸ்கூல் புது வாட்ச்மேன். விசில் ஊதறப்ப ஒருநாள் பல்லு விழுந்துடுச்சு, அதுலேர்ந்து நாங்கதான் பீப்பீன்னு கூப்பிடறோம். ஸ்கூல் கேட் பக்கத்துல மட்டும்தான் கூப்பிடுவோம். டீச்சருங்களுக்குக்கூடத் தெரியாது."

தெரியாது என்று டீச்சர் தலையசைத்தாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வாட்ச்மேன் எப்போ வேலைக்குச் சேர்ந்தாரு?"

"இந்த வருஷம் ஸ்கூல் தொறந்தப்போ."

நீதிமன்றத்தின் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. அதன் பிறகும் பள்ளி விடும் நேரத்தில் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கத்துவது காதில் விழும் தூரத்தில், அவன் நின்றிருக்கிறான். பல்செட் விழுந்த நாளிலும் நின்றிருக்கிறான். எதிரே இருந்த பேப்பர் பேனாக் கடையின் கேமராவில் இன்ஸ்பெக்டர் தேடினாள். சாம்பல் நிறக் கார் ஒன்று, கண்ணாடியைப் பாதி இறக்கியபடி, ஒருநாள் அல்ல, பல நாள். உத்தரவை மீறியதற்காக அந்த வாரமே அவனைக் கைது செய்தார்கள். போகும்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் போனான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாள். கூட வந்த கான்ஸ்டபிளிடம் பெயர் கேட்டானாம்.

எத்தனை நாள் உள்ளே இருப்பான் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. நல்ல வக்கீல் வைத்திருந்தான்.

அம்மாவும் மகளும் தினமும் சாயங்காலம் அந்தப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்து உட்காருகிறார்கள். அரட்டை ஒரு பெயரை உரக்கப் படிப்பாள். அதைத் திருப்பிப் போட்டு, பிரித்து, எழுத்தை மாற்றி, எங்கேயாவது கேட்டிருக்கிறோமா என்று இருவரும் யோசிப்பார்கள். தெருவில் யாரையாவது அப்படிக் கூப்பிடுகிறார்களா, பள்ளியில், பஸ்ஸில், கடைக்கு வருகிறவர்களில். பிடிபட்டால் இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுவார்கள். இதுவரை கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் பொருள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு பெயர் மட்டும் புரியவில்லை. அந்த இரண்டு பேரும், ராணியோடும் இளவரசியோடும், கண்ணாடிக் கோட்டைக்கு உள்ளே இருப்பதாகக் கதையில் வருகிறது.